ஒரே வார்ப்பு

மோட்டார் பந்தயக்காரர்களிடையே 'ஒன் மேக்' என்றொரு சொல் வழங்குகிறது. ஒரே நிறுவனம் ஒரே மாதிரியில் ஒரே அளவில் செய்த வண்டிகளை மட்டும் களத்தில் இறக்கி நடத்தும் பந்தயத்துக்கு அந்தப் பெயர். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஒருநாள் தேநீர் வேளையில் நம் துறை நண்பர்களிடையே பேச்சு வந்தது. ஒருவர் 'ஓரினப் பந்தயம்' என்றார். இனம் என்ற சொல் இங்கே தன்னோடு இழுத்துவரும் பிற பொருள்களை எண்ணி அதை விட்டுவிட்டோம். இன்னொருவர் 'ஒருமாதிரிப் பந்தயம்' என்றார். பேச்சு வழக்கில் 'ஒருமாதிரி' என்றால் என்ன பொருள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. கடைசியில் ஓசூர்ப் பட்டறைகளிலிருந்தே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டோம்: ஒரே வார்ப்பு. உருக்கிய அலுமினியத்தை அச்சில் ஊற்றிக் குளிரவைத்து எடுக்கும் தொழிலுக்கு இங்கே வார்ப்படம் என்றுதான் பெயர். சொல்லாக்கம் செம்மையானதா என்பதை அறிஞர்கள் தீர்மானிக்கட்டும். இக்கட்டுரை முடியும்வரை நமக்கு அது போதும்.

இலக்கியம் பேசும் பக்கத்தில் இந்தச் செய்தி எதற்கு என்று கேட்பவர்களுக்கு முதல் விடை, இது நம் ஊர்க் கதை என்பது. ஓசூரைப் பற்றி வெளியூர் நண்பர்கள் அறிந்திருப்பது இரண்டு மூன்று செய்திகள்தாம். அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878இல் இராஜாஜி பிறந்தார்; ரோஜாப்பூ விளைகிறது; பெங்களூர் 40 கிலோமீட்டரில் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டின் கிராமச் சாலைகளில் நெல்மூட்டை, பால்கேன், ஆட்டுக்குட்டி, மனைவி மக்கள் எனச் சகலத்தையும் சுமந்து திரிந்த டிவிஎஸ் 50 என்னும் மொபெட் 1980இல் இந்த ஊரிலிருந்துதான் புறப்பட்டது. அடுத்த இரண்டே ஆண்டுகளில், 1982இல், அந்த நிறுவனம் தனக்கென ஒரு பந்தய அணியை அமைத்துக்கொண்டது. ஆட்டுக்குட்டி சுமக்கும் வண்டி செய்தவர்களுக்குப் பந்தய ஆசை எப்படி வந்தது என்பது தனிக்கதை. 1994 முதல் தன் வண்டிகளை மட்டும் கொண்டு ஒரே வார்ப்புப் பந்தயத் தொடரை அது நடத்திவருகிறது. 2016இல் பெண்களுக்கென்று தனிப்பிரிவு வந்தது. 2022இல் ஆசிய அளவிலான தொடர், 2023இல் மின்சார மோட்டார் சைக்கிளுக்கான தொடர் என்று அது கிளை விட்டது.

கார்களில் இதே முறை இந்தியாவில் இருந்ததுண்டு. 2010இல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் போலோ கார்களைக் கொண்டு ஒரு தொடர் தொடங்கியது. நம் எல்லைக்கு அப்பால் பிடதியில் ஆலை வைத்திருக்கும் டொயோட்டா, எட்டியோஸ் கார்களைக் கொண்டு 2013இல் ஒரு தொடர் நடத்தியது. அந்தக் காரே இப்போது விற்பனையில் இல்லை. இவற்றுக்கெல்லாம் முன்னோடியாக, கோயம்புத்தூரின் கரிவரதன் 1980களின் பிற்பகுதியில் மாருதி 800இன் எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் குறைந்த செலவில் செய்து தந்தார். பெருஞ்செல்வர்களின் பொழுதுபோக்காக இருந்த ஒன்றைக் கொஞ்சம் கீழிறக்கிக் கொண்டுவந்தவர் அவர். நரேன் கார்த்திகேயன் பந்தயக்காரராகத் தொடங்கியது அந்த ஃபார்முலா மாருதியில்தான்; அங்கிருந்து 2005இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆனால் இக்கட்டுரை வரலாறு சொல்ல வந்ததன்று. ஒரே வார்ப்பு என்னும் அந்த ஏற்பாட்டின்மீது நமக்கு ஒரு மயக்கம் உண்டு. அதன் காரணத்தைச் சொல்லிப் பார்க்கத்தான் இது.

ஏற்பாடு எளிமையானது. மற்றப் பந்தயங்களில் வண்டியும் போட்டியிடுகிறது, ஓட்டுபவரும் போட்டியிடுகிறார். வென்றது யார் என்பதைக் கடைசிவரை பிரித்துச் சொல்ல முடியாது. பணம் மிகுந்த அணியின் சுமாரான வீரர், பணம் குறைந்த அணியின் சிறந்த வீரரை முந்திச் செல்வது அங்கே அன்றாட நிகழ்ச்சி. ஒரே வார்ப்பில் அந்தக் கணக்கின் ஒரு பகுதியை அழித்துவிடுகிறார்கள். எஞ்சின் ஒன்று, டயர் ஒன்று, எரிபொருள் ஒன்று. யாரும் திறந்து கைவைக்கக் கூடாது என்று எஞ்சினுக்கு முத்திரையிடுவார்கள். சில தொடர்களில் எந்த வண்டி யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். ஏனென்றால் ஒரே அச்சில் வார்த்தாலும் இரண்டு வண்டிகள் முற்றிலும் ஒன்றாக இருப்பதில்லை. மைக்ரான் அளவில் ஏதோ ஒரு வேறுபாடு ஒளிந்திருக்கும். பந்தயம் முடிந்ததும் வென்றவருடைய வண்டியைச் சோதனைக்கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். வென்றவர்மீது சந்தேகப்படுவது அங்கே மரியாதைக் குறைவன்று, நடைமுறை.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய ஏற்பாடாகத் தோன்றாது. ஈற்றடி கொடுத்து வெண்பாப் பாடச் சொல்லும் வழக்கம் நம்மிடம் இருந்ததல்லவா? காளமேகத்தின் பெயரால் வழங்கும் எத்தனையோ தனிப்பாடல்கள் அப்படிப் பிறந்தவையாகவே சொல்லப்படுகின்றன. ஈற்றடி எல்லாருக்கும் ஒன்று. தளை எல்லாருக்கும் ஒன்று. வெண்டளை பிறழக் கூடாது. கடைசி அடி முச்சீர். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கில் ஒன்றாக முடியவேண்டும். இலக்கணம் இட்ட முத்திரையை உடைக்க யாருக்கும் அனுமதியில்லை. இத்தனையும் ஒன்றாக இருக்கும்போதுதான் ஒருவன் புலவன் என்பதும் இன்னொருவன் செய்யுள் செய்யக் கற்றவன் என்பதும் பளிச்சென்று பிரிந்து தெரிகின்றன. கட்டற்ற வெளியில் திறமையற்றவனும் கொஞ்சம் மறைந்துகொள்ளலாம். வெண்பாவில் ஒளிய இடமில்லை. (புதுக்கவிதை நண்பர்கள் சினம் கொள்ளவேண்டாம். இது வெண்பாவைப் பற்றிய பாராட்டுத்தானே தவிர வேறெதையும் பற்றிய குறையன்று.)

மேற்கே இந்த முறை வேரூன்றிய விதத்தைப் பார்த்தால் இரண்டு நோக்கங்கள் தெரிகின்றன. 1966இல் பிரான்சில் ரெனோ நிறுவனம் தன் ரெனோ 8 கோர்தினி கார்களுக்கென ஒரு கோப்பைத் தொடர் தொடங்கியது. கையில் குறைந்த பணம் உள்ள இளைஞர்களுக்குப் பந்தயக் களத்தைத் திறந்துவிடுவது அதன் நோக்கம். கூடவே கார் விற்பதும்தான். இன்னொரு நோக்கம் 'யார் பெரியவர்' என்ற பழைய கேள்விக்கு விடை காண்பது. அமெரிக்காவில் 1973-74இல் வெவ்வேறு பந்தய வகைகளின் நட்சத்திரங்களைத் திரட்டி, வெவ்வேறு நிறம் பூசிய ஒரேவகைப் போர்ஷே கார்களில் ஏற்றி ஓடவிட்டார்கள். வென்றவர் மார்க் டோனஹியூ. 1979, 1980 ஆகிய இரண்டு ஆண்டுகளில் பிஎம்டபிள்யூவின் எம்1 கார்களைக் கொண்டு ஐரோப்பாவில் நடந்த தொடரில் நிக்கி லாடாவும் நெல்சன் பிக்கேயும் பட்டம் பெற்றார்கள்.

இவற்றில் நாம் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பது 1984 மே 12ஆம் நாளை. ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் என்னும் புகழ்பெற்ற தடத்தைப் புதிதாக அமைத்துத் திறந்துவைத்தார்கள். அதன் கொண்டாட்டமாக மெர்சிடிஸ் நிறுவனம் தன் 190இ வகைக் கார்களை வரிசையாக நிறுத்தியது. நான்கு கதவுகள் உள்ள, அலுவலகத்துக்குப் போகும் கனவான்கள் ஓட்டும் கார். அவற்றில் ஏறி அமர்ந்தவர்களில் ஜாக் பிராபம் முதல் லாடா வரை உலகப் பட்டம் வென்றவர்கள் பலர். அவர்களுக்கு நடுவே அந்த ஆண்டுதான் ஃபார்முலா ஒன்னில் நுழைந்திருந்த, வலிமை குறைந்த அணியொன்றில் இடம் பெற்றிருந்த, 24 வயது பிரேசில் இளைஞர் ஒருவர் இருந்தார். வென்றது அவர். லாடா இரண்டாவது வந்தார். அந்த இளைஞர் அயர்டன் சென்னா என்பது இன்று எல்லாரும் அறிந்தது. அன்று அந்தப் பிற்பகலில் பார்வையாளர் மாடத்தில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் நாவில் நின்றிருக்கும்? ஈற்றடி ஒன்றைக் கொடுத்தார்கள்; அவையிலிருந்த முதுபெரும் புலவர்களையெல்லாம் கடந்து மூலையிலிருந்த சிறுவன் பாடிவிட்டான். நம் மயக்கத்துக்கு வித்திட்டது இந்தக் கதைதான்.

நம் பக்கத்துப் பந்தயப் பருவத்துக்கு வருவோம். கிருஷ்ணகிரியில் மாம்பழப் பருவம் வடியத் தொடங்கும் ஆனி, ஆடி மாதங்களை ஒட்டித்தான் தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத் தொடர் பெரும்பாலும் சூடுபிடிக்கிறது. (பெங்களூரா என்று நாம் அழைக்கும் கிளிமூக்கு மாவும் ஒட்டுக்கட்டி வளர்வதுதான்; தோப்பு முழுவதும் ஒரே தாய்மரம். ஆயினும் போச்சம்பள்ளிப் பழமும் காவேரிப்பட்டணத்துப் பழமும் ஒன்றென்று எந்த வியாபாரியும் ஒத்துக்கொள்ளமாட்டார்.) சில மாதங்களில் சில சுற்றுகள். அவற்றில் பெரும்பாலானவை நடப்பது சென்னைக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையில். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்து விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் பந்தயம் நடத்திய பிறகு தனக்கென அமைத்துக்கொண்ட தடம் அது; சுற்றளவு 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். வண்டி பிறந்த ஓசூரில் பந்தயத் தடம் கிடையாது. 250 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். பெங்களூர்க்காரர்களின் பந்தய வண்டிகள் வேன்களில் ஏறி நம் மேம்பாலத்தைக் கடந்து, கிருஷ்ணகிரியில் பிரிந்து, வாலாஜா வழியாகப் போகும். சனிக்கிழமை போனவை ஞாயிறு நள்ளிரவில் திரும்பும். திரும்பும் வேன்களில் சிலவற்றில் முன்சக்கரம் கோணிய வண்டி கட்டிக்கிடக்கும்.

பருவம் என்பது ஒரு வெற்றியால் ஆனதன்று. ஒவ்வொரு பந்தயத்துக்கும் இடவரிசைப்படி புள்ளிகள் சேரும். நான்கு முறை இரண்டாவதாக வந்தவர், இரண்டு முறை வென்று இரண்டு முறை விழுந்தவரைவிட மேலே நிற்கக்கூடும். ஒரே வார்ப்பில் இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமாகிறது. வண்டியின் வேகத்தால் இழந்ததை மீட்க வழியில்லை. அடுத்த சுற்றுக்கு முன் எஞ்சினைச் சீர்செய்து வருகிறேன் என்று சொல்ல முடியாது. விழுந்தவர் எழுந்து, முன்பு ஓட்டிய அதே வண்டியில் முன்பைவிட நன்றாக ஓட்டவேண்டும், அவ்வளவுதான்.

2019ஆம் ஆண்டுப் பருவத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாமும் துறை நண்பர் ஒருவரும் விடியலில் பேருந்தேறி இருங்காட்டுக்கோட்டைக்குப் போனோம். கூட்டம் மிகுதியில்லை. பார்வையாளர் மாடத்தில் வெயில், பிரியாணிப் பொட்டலங்கள், சில கல்லூரி இளைஞர்கள், பிள்ளை ஓட்டுவதைக் காண வந்து ஓட்டத் தொடங்கியதும் தலையைக் குனிந்துகொள்ளும் தாய்மார்கள். நமக்கு முதலில் வியப்பளித்தது ஓசைதான். வெவ்வேறு வண்டிகள் ஓடும் பந்தயத்தில் ஓசைகள் ஒன்றோடொன்று மோதும். இங்கே எல்லா எஞ்சின்களும் ஒரே சுருதி. விளக்கு அணைந்ததும் இருபதுக்கு நெருங்கிய வண்டிகள் ஒற்றைத் தம்புராவின் தந்திகளைப்போல எழுந்தன. நேர்ப்பாதையில் யாராலும் யாரையும் உதற முடியவில்லை. முன்னால் போகும் வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போக, அதன் முதுகுக்குப் பின்னால் காற்று மெலிந்த ஒரு நிழல் உண்டாகிறது. பின்னால் வருபவர் அந்த நிழலுக்குள் புகுந்து, உழைக்காமல் வேகம் சேர்த்து, கடைசி நொடியில் வெளியே வந்து முந்துகிறார். முந்தியவர் உடனே பிறருக்கு நிழல் தருபவராகிவிடுகிறார். ஆகவே கடைசி நேர்ப்பாதைக்குள் முதலாவதாக நுழைய யாரும் விரும்புவதில்லை. முதலிடத்தை மறுக்கும் போட்டி ஒன்றை வேறெங்கும் நாம் கண்டதில்லை.

வேறுபாடு முழுவதும் வளைவுகளில்தான். இன்னார் எந்த இடத்தில் பிரேக்கைத் தொட்டார், எத்தனை விரல் அகலம் உள்ளே சாய்ந்தார், ஆக்சிலேட்டரை எப்போது திறந்தார் என்பவை. மாடத்திலிருந்து ஒரு வளைவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிடத்தில் தலைக்கவச நிறத்தைப் பார்க்காமலேயே ஓட்டுபவரை அடையாளம் காண முடிந்தது. ஒருவர் தயங்கி நுழைந்து வேகமாக வெளியேறுவார். இன்னொருவர் தடாலென்று நுழைந்து அகலமாக விலகிப் பிறகு வருந்துவார். கையெழுத்து என்று சொல்வோமே, அதுதான். நாற்பது விடைத்தாள்களில் பெயரை மறைத்துவைத்தாலும் எது யாருடையது என்று தெரியும் ஆசிரியருக்கு அந்த மாடம் பழகிய இடமாகவே இருந்தது. நண்பர் பசிக்கிறது என்று எழுந்துபோனார். நாம் போகவில்லை.

பெண்களுக்கான பந்தயமும் அன்று இருந்தது. நாம் போனதற்கு அதுவே உண்மையான காரணம். நம்மிடம் இளங்கலைத் தமிழ் படித்த மாணவி ஒருத்தி, தொல்காப்பிய வகுப்பில் கடைசி இருக்கையில் அமர்ந்து நோட்டின் பின்பக்கத்தில் மோட்டார் சைக்கிளின் சங்கிலிப் பற்சக்கரங்களை வரைந்துகொண்டிருப்பவள். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், வகுப்பில் தமிழ் என்னும் ஓசூர்க் குடும்பம். தந்தை சிப்காட்டை ஒட்டிய சிறு பட்டறையொன்றில் சிஎன்சி இயந்திரத்தில் வேலை. அவளுக்குப் பந்தயம் ஓட்டவேண்டும். வண்டி ஓட்டக் கற்றது தந்தையின் எக்ஸெல் மொபெட்டில். வேகம் கற்றது சித்தப்பா மகனின் அப்பாச்சியில், கெலமங்கலம் சாலையில், வீட்டுக்குத் தெரியாமல். புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் சோதனை ஓட்டம் ஒன்றுக்கு அவள் போய்வந்திருந்தாள். தேர்வாகவில்லை. சில நொடிகள் வித்தியாசம்.

"வண்டி ஒண்ணுதான் ஐயா. அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது," என்றாள். "ஆனா அந்த வளைவை நான் அன்னைக்குத்தான் பாக்கறேன். அவங்கள்ல சிலபேரு நூறு தடவை பாத்திருக்காங்க."

அவள் குரலில் குறைசொல்லும் தொனி இல்லை. கணக்குப் பார்ப்பவளின் தொனி. உரிமம் வேண்டும், மருத்துவச் சான்று வேண்டும், பயிற்சிப் பள்ளிக் கட்டணம் வேண்டும். தடத்தில் தனியே ஓடிப் பழக நாள்கூலி வேண்டும். தோலாலான முழு உடை, கையுறை, காலணி, தலைக்கவசம். இவற்றில் எவ்வளவு கிடைக்கும், எவ்வளவு நாம் வாங்கவேண்டும் என்பது தொடருக்குத் தொடர் மாறும். ஒரு முறை கைமுறிந்தால் இரண்டு மாதச் சம்பளம் போகும், தந்தைக்கு அல்லது அவளுக்கு. இவ்வளவையும் கடந்து வாயிலுக்குள் நுழைந்தவர்களுக்குத்தான் வண்டி ஒன்று.

நாம் மேலே மெய்ம்மறந்து சொன்ன நூர்பர்க்ரிங் கதைக்கும் ஒரு முன்கதை உண்டு. சென்னா வசதியான வீட்டுப் பிள்ளை. அவருக்கு நான்கு வயதானபோது தந்தை, புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினைப் பொருத்தி ஒரு சிறு கார்ட் வண்டி செய்துகொடுத்தார். 1984இல் அந்த மெர்சிடிஸில் ஏறி அமர்ந்தபோது அவருக்குப் பின்னால் 20 ஆண்டுப் பயிற்சி இருந்தது. இதனால் அவருடைய மேதைமை ஒரு மாற்றும் குறையவில்லை. மூலையிலிருந்த சிறுவன் என்று நாம் பாடியது மட்டும் கொஞ்சம் கவிதை.

இது நம் தொழிலைத் தொடும் இடம். நாம் ஆண்டுதோறும் செய்வதும் ஒரே வார்ப்புத்தானே! பல்கலைக்கழகம் ஒரே வினாத்தாள் தருகிறது. மூன்று மணி நேரம் ஒன்று. உறையில் முத்திரை, மணி அடித்தபின்தான் பிரிக்கலாம். அஞ்செட்டி மலையிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வருபவனுக்கும், வீட்டில் அலமாரி நிறையப் புத்தகம் உள்ளவனுக்கும், தமிழை எட்டாம் வகுப்பில்தான் எழுதத் தொடங்கிய தளி பக்கத்துப் பெண்ணுக்கும் ஒரே 75 மதிப்பெண். அந்த ஒருமையை நாம் இகழவில்லை. அதுவும் இல்லாதபோது என்ன நடந்தது என்பதை நம் பாட்டன்மார் அறிவார்கள். வினாத்தாள் ஆளுக்கொன்றாக இருந்தால் அதிகாரம் உள்ளவனுக்கே எளிய தாள் போய்ச் சேரும். ஆகவே சீட்டுக் குலுக்கல் வேண்டும், முத்திரை வேண்டும். ஆயினும் முடிவுப் பட்டியல் வரும் நாளில் ஒவ்வொரு முறையும் அந்த மாணவியின் வாக்கியம் காதில் விழுகிறது. அவர்களில் சிலர் இந்த வளைவை நூறு தடவை பார்த்திருக்கிறார்கள்.

அடுத்ததைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. 2023 ஆகஸ்ட் 5ஆம் நாள், அதே இருங்காட்டுக்கோட்டையில், தேசியத் தொடரின் ஒரு சுற்றில், தொடக்கநிலை ஓட்டிகளுக்கான பந்தயத்தில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான். அந்த வாரத்துப் பந்தயங்கள் எஞ்சியவையெல்லாம் கைவிடப்பட்டன. அதே ஆண்டு சனவரியில் அங்கே கார்ப் பந்தயத்தில் 59 வயது ஓட்டுநர் ஒருவரும் இறந்திருந்தார். வளைவை நூறு தடவை பார்க்கவேண்டுமென்றால் சிறுவயதிலேயே தொடங்கவேண்டும். மற்றவர்கள் பத்து வயதில் தொடங்கினால் நாமும் தொடங்கவேண்டும் என்று பெற்றோரை அந்தக் கணக்கே நெருக்குகிறது. வண்டிகளைச் சமமாக்கிய பிறகு எஞ்சும் வேறுபாடு எல்லாம் உடம்பிலும் வயதிலும் துணிவிலும் போய்க் குவிகிறது. 13 வயது உடம்பு அதைத் தாங்கவேண்டுமா என்பதை வளர்ந்தவர்கள்தாம் கேட்டிருக்கவேண்டும். நமக்கு இதில் இரண்டு கருத்து இல்லை.

மாணவி பட்டம் பெற்றபின் பந்தயத்துக்குப் போகவில்லை. மாவட்டத்தில் வந்துள்ள மின் ஸ்கூட்டர் ஆலைகளில் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். வரிசையில் நகர்ந்துவரும் வண்டியில் அவள் இறுக்கவேண்டியது சில போல்ட்டுகள். குறித்த அளவு இறுக்கம் வந்ததும் கையிலுள்ள கருவி தானே நின்றுவிடும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் வண்டி அடுத்த இடத்துக்கு நகராது. "எல்லா வண்டியும் ஒரே மாதிரி வரணும்ல ஐயா, அதுதான் எங்க வேலையே," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் எப்படி எண்ணிச் சிரித்தாள் என்று கேட்கத் துணிவு வரவில்லை.

அதற்குப் பின்புதான் ஒரு செய்தி நம் மனத்தில் தைத்தது. ஒரே வார்ப்புப் பந்தயத்தின் அழகு முழுவதும் வண்டிகளின் ஒருமையில் நிற்கிறது. அந்த ஒருமை தானாக வருவதில்லை. அது செய்யப்படுவது. 'கோ கேஜ்', 'நோ-கோ கேஜ்' என்று இரண்டு அளவைக் கருவிகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றுக்குள் நுழையவேண்டும், மற்றதற்குள் நுழையக்கூடாது என்று மூன்று ஷிப்டுகளிலும் உருளைகளைச் சோதித்துக்கொண்டிருப்பவர்களால் செய்யப்படுவது. ஓட்டுபவரின் கையெழுத்துத் தெரியவேண்டுமானால் செய்தவரின் கையெழுத்துத் தெரியக்கூடாது. தான் இன்னார் என்பதைப் பொருளில் பதியவிடாமல் இருப்பதுதான் அவருடைய திறமை.

நம் மாவட்டம் நடுகற்களின் நிலம். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நின்று அவற்றைப் பார்த்திருக்கிறோம். தொறு மீட்டு இறந்தவனின் பெயர் இருக்கும், எந்த அரசனின் ஆட்சியாண்டு என்பது இருக்கும், சிலவற்றில் அவன் யாருடைய சேவகன் என்பதும் இருக்கும். தொல்காப்பியம் கல் எடுப்பதற்கு, காட்சியில் தொடங்கி வாழ்த்தில் முடியும் ஆறு நிலைகளைச் சொல்கிறது. உளி பிடித்தவனுக்கென்று அதில் ஒரு துறை இல்லை. இன்றும் ஊர்களில் எருது விடும் விழா நடக்கிறது. கொம்பில் கட்டிய அலங்காரத் தட்டியோடு காளை கூட்டத்துக்குள் பாயும். இளைஞர்கள் அதைப் பறிக்கத் துரத்துவார்கள். 2023 பிப்ரவரியில் கோபசந்திரத்தில் விழாவுக்கு அனுமதி தாமதமானதென்று மக்கள் தேசிய நெடுஞ்சாலையையே மறித்துவிட்டார்கள். அங்கே ஒரு காளைபோல் இன்னொன்று இல்லை. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, வளர்த்தவர் பெயரும் கூடவே ஒலிபெருக்கியில் வரும். ஒரே வார்ப்பு அதற்கு நேர் எதிர்த்துருவம். அங்கே வண்டிக்கு எண் மட்டும்தான்.

சென்ற ஆண்டு சந்திரசூடேஸ்வரர் தேரன்று கூட்டத்தில் மாணவியையும் அவள் தந்தையையும் கண்டோம். வடம் இழுத்துக் களைத்துப் போய் இருவரும் சர்பத் கடையருகே நின்றிருந்தார்கள். பேச்சு எப்படியோ பந்தயத்துக்கு வந்தது. பெண்கள் பந்தயத்தின் காணொளி ஒன்றைத் தன் கைபேசியில் தேடி எடுத்துத் தந்தையிடம் காட்டினாள். கடைசி வளைவில் மூவர் ஒன்றாகச் சாய்ந்து ஒரு சாண் இடைவெளியில் கோட்டைக் கடக்கும் காட்சி. "பாரு நைனா, யாரு ஜெயிச்சதுன்னு சொல்லு பாக்கலாம்," என்றாள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வென்ற பெண் வண்டியை நிறுத்தி இறங்கிக் கைகளை உயர்த்தும் இடத்தில், "நிறுத்து, நிறுத்து," என்றார். காட்சியை நிறுத்தச் சொல்லி, இரண்டு விரலால் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, பெண்ணை விட்டுவிட்டுப் பின்சக்கரத்தின் பக்கம் நகர்த்தினார்.

"சார், இந்தச் செயின் கொஞ்சம் லூசா இருக்குது பாருங்க," என்றார் நம்மிடம். "இன்னும் ரெண்டு லேப்பு ஓடியிருந்தா பல்லைத் தின்னிருக்கும்."